ஒற்றைக் கோட்டில் அடித்த சொல்

என் மாமனாரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில், நான்காக மடித்த கடைச்சீட்டு ஒன்று இருக்கிறது. ‘உள்ளே திறக்கும்’ என்று கடைக்காரர் எழுதியதில் ‘உள்ளே’ என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே ‘வெளியே’ என எழுதி, அருகில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறார். ஆவடியில் பாதுகாப்புத் தளவாடங்களைச் சோதித்து ஒப்பமிடும் பணியில் மூத்தவர் அவர். பிழையைக் கிறுக்கி மறைக்கமாட்டார். அடித்த சொல்லும் படிக்கக் கிடைக்க வேண்டும், திருத்தியவன் யார் என்பதும் தெரிய வேண்டும் என்பார். அவரைப் பற்றி எழுதும்போது நானும் அந்த ஒழுங்கையே கைக்கொள்கிறேன். நான் கண்டதும் நேரில் கேட்டறிந்ததும் மட்டுமே இதில் உண்டு. ஊகித்ததைச் சேர்த்தால் இக்குறிப்பை அவர் தள்ளியிருப்பார்.

நாங்கள் ஒன்றாக வாழ்ந்த சேக்காட்டு வீட்டுக் குளியலறையில் நீர் விழும் மூலையை அடைக்கக் கண்ணாடிக் கதவு வாங்க, மண்ணூர்பேட்டைக் கடையொன்றுக்கு இருவரும் போனோம். கதவு உட்புறம் திறக்க வேண்டும் என்றார் அவர். வெளியே திறந்தால் அதில் வழியும் நீர் உலர்ந்த தரையில் சொட்டும். அந்தத் தரையில்தான் மாமியார் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் கிடந்து எழுந்திருந்தார். எனக்கோ வேறு அச்சம். தலைசுற்றலுக்கு மருந்துண்ணும் மாமனார் உள்ளே சரிந்துவிட்டால், கதவைத் தள்ளித் திறக்கவே முடியாது. கடைக்காரர் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

“இன்னா சார், கதவு வாங்க வந்தீங்களா, பஞ்சாயத்துக்கு வந்தீங்களா? இப்பவே சொல்லிடுங்க. கண்ணாடிய சூடேத்தி கெட்டியாக்கி டஃபன் பண்ணப்புறம் ஒரு ஓட்ட போட்டாக்கூட பொடிப்பொடியா பூடும்.”

நான் பொறுமையிழந்தேன். “நீங்க விழுந்தா உங்க ஒடம்பே தாழ்ப்பாள் ஆயிடும், மாமா.” அந்நியர் முன்னிலையில் சொல்லியிருக்கக் கூடாது. மாமனார் என் பக்கம் திரும்பாமலே, “நான் இன்னும் விழல, மாப்ள. விழுந்தா சொல்லி அனுப்புறேன்” என்றார். கடைக்காரர் சிரித்தார். ‘உள்ளே’ என்பது சீட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு நான் ஆட்டோ பிடிக்கப் போனேன்.

பொருத்தி முடித்தபோது கதவு வெளிப்புறம் திறந்தது. கடையின் தவறென்று எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன். அவர் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவாரோ என்று அஞ்சி வாயைத் திறக்கவில்லை. அவரோ நீர் சொட்டும் இடத்தில் தடித்த சாக்கொன்றை விரித்தார்.

ஒரு நாள் காலை மாமனார் குளித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே முக்காலி உருளும் ஓசை கேட்டது. பின்பு நீரின் ஓசை மட்டும். மருத்துவர் சொன்னதிலிருந்து குளியலறையின் மரக்கதவை அவர் தாழிடுவதில்லை; உள்ளே ஓடினேன். ஆவி படர்ந்த கண்ணாடியின் அடியில் அவருடைய முழங்கால்கள் அழுந்தி வெளுத்திருந்தன. கூப்பிட்டேன். கைப்பிடியைப் பற்றி என் பக்கம் மெல்ல இழுத்தேன். திறந்தது. உதட்டில் குருதி, ஆனால் கண்கள் விழித்திருந்தன. “தண்ணிய மூடு மாப்ள, வெளிய போவுது பாரு” என்பதே அவரது முதற்சொல்.

அவர் மறைந்தபின் சீட்டு கிடைத்தது. கடைக்கு எடுத்துப் போனேன். “நீங்க ஆட்டோவுக்குப் போனீங்களே, அப்பவே அடிச்சிட்டாரு சார்,” என்றார் கடைக்காரர். “‘மாப்ளகிட்ட சொல்லாத, அப்புறம் தலமேல ஏறி ஒக்காந்துக்குவான்’னாரு. எழுதறப்போ முழங்கைய வேற தேச்சிகினே இருந்தாரு.”

அக்கதவை இன்று நாள்தோறும் நான்தான் என் பக்கம் இழுத்துத் திறக்கிறேன். சீட்டு கூட்டுக்குள் இருக்கிறது. அடித்த சொல்லை இன்னும் படிக்க முடிகிறது. அத்திருத்தம் என் கடுஞ்சொல்லால் வந்ததா, அல்லது அதற்கு முன்பே அவர் அந்தக் குளியலறையில் ஒருமுறை விழுந்து, எவரிடமும் சொல்லாமல் எழுந்து வந்திருந்தாரா என்பது எனக்குத் தெரியாது.