வாழைக்குப் போட்ட ஊசி

நான் பொய் சொன்னேன். ஐந்து ஊசிகளில் ஒன்றைத்தான் என் வயிற்றில் போட்டுக்கொண்டேன். மற்ற நான்கையும் கொல்லையில் நின்ற வாழைமரத்துக்குப் போட்டேன்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். முழுவதும் கேட்டபிறகும் சிரிப்பு வருகிறதா என்று பாருங்கள்.

எனக்கு மார்பில் புற்றுநோய். மதுரையில் இரண்டாவது தடவை கீமோ ஏற்றியதும் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன. அதனால் மூன்றாவது தடவை முடிந்ததும், வீட்டில் தினம் ஒன்றாக ஐந்து ஊசி போட வேண்டும் என்றார்கள். சின்னமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். அங்கே ஊசி போடுகிற கம்பவுண்டரோ, "பெரிய வியாதி மருந்து, நான் தொடமாட்டேன்" என்று கையை விரித்துவிட்டார்.

ஆகவே மதுரை ஆஸ்பத்திரி நர்சம்மா எனக்கே சொல்லிக் கொடுத்தாள். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடி, குத்து, மெதுவாக அழுத்து. என் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வாழைத்தண்டு ஒன்றை வெட்டி வந்தார். வெறும் தண்ணீர் ஊசியை அதில் குத்திக் குத்திக் கை பழகினேன்.

மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டில் என் கொழுந்தன் பாண்டி. அவன் மனைவி செல்வி பூக்கட்டி விற்பவள்; பூவுக்காக ஒரு பழைய ஃப்ரிட்ஜ் வைத்திருந்தாள். என் உயிர் அவள் மல்லிகைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

செல்விக்குப் பிள்ளை இல்லை. நான் படுத்ததிலிருந்து என் மகளுக்குத் தலை பின்னுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அவள்தான். நல்லவள் என்று ஊர் சொன்னது. எனக்கோ... நான் போனபிறகு நடக்க வேண்டியதை இப்போதே பழகிப் பார்க்கிறாளோ? ஒருநாள் மகள் தூக்கக் கலக்கத்தில் அவளை "அம்மா" என்று கூப்பிட்டாள். "என்னத்தா?" என்றாள் செல்வி. திருத்தவில்லை!

அன்றிலிருந்து அவள் கொண்டுவரும் கஞ்சியில் ஒரு கரண்டியைக் கோழிக்கு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். கோழி கொழுத்ததுதான் மிச்சம்.

முதல் ஊசியை அவள் கொண்டுவந்த காலையில் நான் அவள் வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அவள் ஃப்ரிட்ஜில் இருந்த மருந்து டப்பாவின் ஒட்டுத்தாள் கிழிந்திருந்தது.

"யாருடி கிழிச்சது?"

"நாந்தேன்க்கா. ஒன்ன எடுக்கணும்ல? டப்பாவோட கொண்டாந்தா சூடு ஏறிரும்னு சொன்னாகல்ல."

சரியான பதில்தான். சரியான பதிலைக் கேட்டாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

போட்டுக்கொண்டேன். மத்தியானத்துக்குமேல் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, நெஞ்செலும்பு எல்லாம் உரலில் போட்டு இடித்ததுபோல் வலித்தது. எதனால் இந்த வலி? ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இருந்திருக்கும். அது ஆங்கிலத்தில் இருந்தது. நான் ஏழாவதோடு நின்றவள். யாரிடமாவது கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை. என் மனம் ஒரே சொல்லைச் சொன்னது. விஷம்!

மறுநாள் ஊசியோடு கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டேன். வாழையின் பட்டையைக் கிள்ளிப் பிடிக்க முடியவில்லை. குத்தினேன். மெதுவாக அழுத்தினேன்.

"போட்டாச்சாக்கா?" வாசலில் செல்வி.

"போட்டாச்சு."

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்பாடா! நேத்து நீ பட்ட பாட்டப் பாத்து எனக்குச் சோறு எறங்கலக்கா."

'நேற்று போட்ட அளவு போதவில்லையோ என்று பார்க்கிறாள்' என்று நினைத்தேன். அடுத்தடுத்த நாளும் வலி இல்லை. பார்த்தீர்களா, நான் நினைத்தது சரிதான் என்று எனக்குள் ஒரு வெற்றி வேறு! ஊசியே போடாதவளுக்கு வலி எங்கிருந்து வரும்?

எட்டாம் நாள் காய்ச்சல். உடம்பு தூக்கிப் போட்டது. என் வீட்டுக்காரரும் பாண்டியும் செல்வியும் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். "அஞ்சு ஊசியும் போட்டீங்களாம்மா?" என்றார் டாக்டர். "போட்டேன்" என்றேன். "அப்ப மருந்து கெட்டிருக்கும். குளிர்ச்சியிலதான வச்சிருந்தீங்க?"

எல்லோரும் செல்வியைப் பார்த்தார்கள்.

"நடுவுல கரண்ட் போச்சு... பூ எடுக்க ரெண்டு மூணு வாட்டி தொறந்தேன்..." என்றாள் அவள்.

"ஏண்டி, ஒரு கதவ ஒழுங்கா மூடத் துப்பில்லையா? மதினி உசுரோட வெளையாடிட்டியேடி!" பாண்டி அவளை அத்தனை பேர் முன்னால் அறைந்தான்.

எனக்கு நினைவு தப்பவில்லை. வாய் இருந்தது. திறக்கவில்லை.

அன்று மாலை நர்சம்மா சொன்னாள்: "மொத ஊசிக்கு எலும்பெல்லாம் வலிச்சிருக்குமே? அது மருந்து வேல செய்யிற வலிம்மா." நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அப்போதாவது ஏன் சொல்லவில்லை? வெட்கமா? இல்லை... சொன்னால் செல்வி என் மகளைக் கைவிட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அவளையே விஷக்காரி என்று நினைத்த நான்!

பிழைத்தேன். அடுத்த கீமோவுக்குப் பிறகு வந்த ஊசிகளை அவள் தொட மறுத்துவிட்டாள். ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு வைத்து நானே போட்டுக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் எலும்பு வலித்தது. ஒருநாளும் முனகவில்லை.

நான் பிழைத்தால் மூன்று வருடம் தீச்சட்டி எடுப்பதாக வீரபாண்டி மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள் செல்வி. தன் தப்பைப் பொறுக்கச் சொல்லி! எடுத்தாள். கொதிக்கும் சட்டியைக் கையில் ஏந்தி அவள் நடக்க, வழிநெடுக அவள் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றியவள் நான்தான். மூன்றாம் வருடம் சட்டியை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"ஆத்தா மன்னிச்சிருப்பால்லக்கா?"

"மன்னிச்சிருப்பா" என்றேன்.

சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? சொல்லவில்லையே!

இப்போது எங்கள் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. செல்வி வந்தால் போகும்போது அதன் கதவை உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்துவாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை அழுத்துவாள்.

நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.