பாய்லரை எரித்தவர் காதர் பாய் அல்ல

வெள்ளிக்கிழமை காலையில் கடப்பாக்கத்திலிருந்து காதர் பாயின் மகன் சலீம் போன் செய்தார். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாரு. ஜும்மாவுக்கு அப்புறம் எடுக்கறோம்" என்றார். செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். காதர் பாய் சுமந்த பழி என்னுடையது. இன்றாவது அதை அவர் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும் என்பதே வழியெல்லாம் நினைப்பு.

பாய் கரி எஞ்சின் டிரைவர். நான் அவரிடம் கரி அள்ளிப் போட்ட பயர்மேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதையும் சொல்லித்தான் எழுத வைக்கிறேன். முதல் நாள் நான் கரியை ஒரே இடத்தில் குவித்ததைப் பார்த்து, "இன்னா நைனா, அடுப்புக்குள்ள சமாதி கட்டிகினு கீற? பரவலா வீசுப்பா" என்றார். சிரிக்காமல்தான் கேலி செய்வார்.

பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்பதை ஒரு கண்ணாடிக் குழாய் காட்டும். குழாய் அடைத்துக்கொண்டால் பொய்யாகக் காட்டும். அடியிலுள்ள திருகைத் திறந்து, தண்ணீர் இறங்கி மறுபடி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அது என் வேலை. ஒரு நாள் படாளம் தாண்டும்போது பாய் கேட்டார், "தொறந்து பாத்தியா?"

"பாத்தேன் பாய்" என்றேன். பார்க்கவில்லை.

சற்று நேரத்தில், தண்ணீர் வற்றினால் உருகும்படி பாய்லரில் வைத்திருந்த ஈய அடைப்பு உருகி, நீராவியும் நெருப்பும் அடுப்பு வாய் வழியே பீறிட்டன. பாய் என்னைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவருடைய முன்கைத் தோல் சட்டையோடு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நான் அழுதேன். "ஒப்பாரி வெக்காத. உனக்கு வேலை இன்னும் நெரந்தரமாகல, தொரத்திடுவாங்க. என்னை எறக்கத்தான் முடியும். நான் பாக்கச் சொல்லலன்னு சொல்லிட்டேன். வாய மூடிகினு இரு" என்றார்.

இருந்தேன். அவரை இறக்கினார்கள். எஞ்சின் ஓட்டியவர் சாம்பல் குழியில் சாம்பல் வாரினார். 'பாய்லர எரிச்ச பாய்' என்று பெயர் வந்தது. பிறகு டீசல் வந்தது, மின்சாரம் வந்தது, கரி எஞ்சின்களை உடைத்து எடைக்குப் போட்டார்கள். அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. அவர் மகள் நிக்காஹ் விருந்தில் சம்பந்தி வீட்டார் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எதிரில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாய் என் தட்டைப் பார்த்து, "இவருக்கு இன்னும் கொஞ்சம் கறி வைப்பா" என்றார்.

மண் போட்டு முடிந்ததும் சலீமிடம் சொன்னேன்.

"அவரு இருக்கும்போது இன்னா பண்ணிகினு இருந்தீங்க மாமா?"

மறுபடி அவரே பேசினார்.

"என்னாண்ட சொல்லி இன்னா பிரயோசனம்? எழுதிக் குடுங்க. நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதறப்போ எல்லார் எதிரேயும் படிக்கறேன். நீங்களும் வரணும்" என்றார்.

அவர் கேட்டது இதுதான். வருகிறேன், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் உட்காருகிறேன். பாய், இந்த முறை நீங்கள் குறுக்கே வந்து நிற்க வேண்டாம். நிம்மதியாகப் போய் வாருங்கள்.