கீழ்வயலுக்குப் போன தண்ணீர்

கற்பூரத்தை அவர் தட்டில் வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக் கொளுத்தினார். வாய்க்கால் கரையிலிருந்த பாலைமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, பிள்ளையார் என்று நாங்கள் கும்பிட்டுவந்த காலம் அது. சுற்றிவர ஏழெட்டுக் குடியேற்றக்காரர் நின்றார்கள். வாய்க்கால்களுக்குத் தண்ணீர் பகிர்ந்துவிடும் வட்டவிதானையார் நின்றார். என் கணவர் தலையைக் குனிந்தபடி ஒதுங்கி நிற்க, எல்லோருக்கும் முன்னால் நான் நின்றேன். "இவையின்ரை மடையிலை நான் ஒருநாளும் கை வைக்கேல்லை. வைச்சிருந்தால் என்ரை ரெண்டு கண்ணும் போகட்டும்" என்றார் கற்பூரம் ஏந்தியவர். கற்பூரம் எரிந்து முடியும்வரை கையை அசைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் மறந்திருப்பேன். இருந்தது சிரிப்பு. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவர் எங்கள் கீழ்வயல்காரர். எங்கள் வயலின் கீழ் வரம்புதான் அவருடைய வயலின் மேல் வரம்பு. ஒரு முழ அகலமான அந்த மண் மட்டுமே எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் கிடந்தது. ஐம்பது வயதிருக்கும். எங்களைப்போலக் குடாநாட்டிலிருந்து வந்தவர்தான். ஆனால் பத்து வருடம் முந்தி வந்தவர். காட்டை வெட்டியவர், மலேரியாவுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தவர். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துக்கத்தை அவர் ஒரு பொல்லைப்போலக் கையில் வைத்திருந்தார். மண்வெட்டி இரவல் கேட்டாலும், வண்டி போக வழி கேட்டாலும் ஒரே பதில்தான்: "நாங்கள் காடு வெட்டேக்கை நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?" இதற்கு என்ன பதில் சொல்வது? நான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் இருந்தேன்.

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் வந்தது ஐம்பதுகளின் கடைசியில். எனக்கு இருபத்துமூன்று வயது, கலியாணம் முடிந்து ஆறு மாதம். மூன்று ஏக்கர் வயலும் ஒரு துண்டு மேட்டுக்காணியும் அரசாங்கக் காணிக் கந்தோர் தந்த ஒரு கடதாசியும்தான் எங்கள் சொத்து. ஒழுங்காக விளைவிக்காதவர்களின் காணியைத் திருப்பி எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று அந்தக் கடதாசியில் எழுதியிருந்தது. மழையோடு வரும் காலபோகம் ஏதோ கைகொடுத்தது. குளத்துத் தண்ணீரை நம்பிய சிறுபோகம் இரண்டு முறையும் கருகிப்போயிற்று. மூன்றாவது முறை விதைத்தபோது, ஆடி மாதம் வந்து பார்ப்பதாகக் காணிக் கந்தோர் ஐயா சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முன்பே கீழ்வயல்காரர் தன் மருமகனின் பெயரில் எங்கள் காணியைக் கேட்டு மனு எழுதியிருந்தார். அதை ஒளிக்கவுமில்லை, தேத்தண்ணிக் கடையில் இருந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பலாம் என்றால் அங்கே என் கணவர் தன் பங்கை அண்ணன்மாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். எனக்கு அக்கா வீட்டுக் குசினியில் ஒரு மூலை கிடைக்கும், அவ்வளவுதான். இருந்தும் நான் றங்குப்பெட்டியில் சேலைகளை அடுக்கி வைத்துவிட்டேன். அந்த இடத்தை எனக்குப் பிடிக்கவில்லை. எங்கு பார்த்தாலும் சேறு, அதற்கு அப்பால் பற்றை, அதற்கு அப்பால் காடு. வயலுக்குக் கஞ்சி கொண்டுபோவேன், கணவர் குடித்து முடிக்கும்வரை காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன், சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். இரண்டு வருடம் அந்த வயலுக்குப் போய்வந்தேன். எத்தனை மூலை அதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

தண்ணீர் எங்கள் வயலில் நிற்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. கிழமைக்கு ஒருமுறை எங்கள் முறை வரும், மடையைத் திறப்போம், வயல் நிறையும். மூன்றாம் நாள் பார்த்தால் சேறு வெடித்திருக்கும். கீழ்வயல் மட்டும் எந்நாளும் தளதளவென்று நிற்கும். எங்கள் ஊர்க்காரருக்கு இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. நாங்கள் பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைத்து வளர்ந்தவர்கள். தண்ணீர் குறைந்தால் யாரோ உன் முறையில் இறைத்துவிட்டான் என்று அர்த்தம். செம்மண் தோட்டத்தில் பாத்தியின் வரம்பு ஒரு சாண்கூட இருக்காது. இறைப்புக்கு ஒருதரம் காலால் தட்டி உடைப்போம், கையால் அணைத்துக் கட்டுவோம். வரம்பை உற்றுப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. பார்க்கவேண்டியது மனிதனைத்தான். அதனால் நாங்கள் மடையைக் காவல் காத்தோம். என் கணவர் மடைப்பலகையில் ஒரு வைக்கோல் முடிச்சுப் போட்டுவைப்பார், யாராவது தொட்டால் அவிழட்டும் என்று. முடிச்சு ஒருநாளும் அவிழவில்லை. அதைக்கூட நான் நம்பவில்லை. கள்ளன் அதேபோலத் திருப்பிக் கட்டிவிட்டுப் போகிறான் என்றேன்.

அந்த ஆத்திரத்தில்தான் வட்டவிதானையாரிடம் போய், கீழ்வயல்காரர் தண்ணீர் களவெடுக்கிறார், இல்லையென்றால் பிள்ளையாருக்கு முன்னால் சத்தியம் பண்ணட்டும் என்று சொன்னேன். அவர் மறுப்பார், பின்னடிப்பார், பிடிபடுவார் என்று நினைத்தேன். அவரோ தோய்ந்து, திருநீறு பூசி, கற்பூரத்தைத் தானே வாங்கிக்கொண்டு வந்தார். பொய்ச் சத்தியம் பண்ணுகிறவன் அப்படி வரமாட்டான் என்று ஊர் நினைத்தது. அது சரிதான், அவர் பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வாய்க்காலில் தோயப்போனால் பெண்கள் கதையை நிறுத்திவிடுவார்கள். என் கணவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "சரி, போவம். இந்தக் கிழமையே வேணுமெண்டாலும் போவம்" என்று மட்டும் சொன்னார். நான் பெட்டியைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. "அந்த மனிசனைக் கையும் களவுமாப் பிடிக்காமல் நான் வரமாட்டன். நீங்கள் போறதெண்டால் போங்கோ" என்றேன். மண்ணில் ஆசை வந்தோ கடமை நினைந்தோ நான் அங்கே நின்றேன் என்று யாரும் எண்ண வேண்டாம். வெறும் வன்மம்தான் என்னை அங்கே நிறுத்தியது.

மறுநாள் காலையிலிருந்து கஞ்சிச் சட்டியோடு போனால் திரும்பாமல், வயல் மூலையில் நின்ற மருதமர நிழலில் குந்திக்கொண்டேன். கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் வருவதற்கு முன்பும் போன பின்பும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததால் வயலைப் பார்த்தேன். வெறுப்போடுதான் பார்த்தேன், ஆனால் பார்த்தேன். எங்கள் வயல் தட்டையாக இல்லை, கீழ்வரம்புப் பக்கம் மெல்லச் சரிந்திருந்தது. மேல்மூலைப் பயிர் மஞ்சளாகவும் நடுப்பகுதி ஓரளவு பச்சையாகவும் இருந்தன. அத்தனை வரம்புகள் இருந்தும் கொக்குகள் எல்லாம் ஒரே வரம்பில்தான் வந்து வரிசையாக இருந்தன, எங்கள் கீழ் வரம்பில். இரண்டு வருடமாக அவையும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவை என்ன தின்கின்றன என்று எழும்பிப்போய்ப் பார்க்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. நண்டு.

நாலாம் நாள் அவருடைய நடையைக் கவனித்தேன். காலையும் பின்னேரமும் தன் வரம்புகளில் நடப்பார். இரண்டடிக்கு ஒருதரம் பெருவிரலால் மண்ணை அமத்துவார், சில இடத்தில் குனிந்து ஒரு பிடி சேற்றை எடுத்துத் திணிப்பார், மேலே காலால் மிதிப்பார். மூன்று பக்கமும் அப்படித்தான். நாலாவது பக்கத்துக்கு, எங்களுக்கும் அவருக்கும் பொதுவான அந்த வரம்புக்கு வந்ததும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நடந்துபோனார். ஒருதரம்கூடக் குனியவில்லை. அடுத்த நாளும் அதுதான்.

அவர் வீட்டுக்குப் போனதும் ஒரு ஓலைப்பெட்டி நிறைய உமி கொண்டுவந்து, அந்த வரம்போரத் தண்ணீரில் நீளத்துக்குத் தூவினேன். உமி சும்மா மிதந்தது. பிறகு மெல்ல மெல்ல நகர்ந்து, ஓரிடத்தில் சுழன்று, ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. அந்த இடத்தில் கையை விட்டேன். முழங்கைவரை போயிற்று. வரம்பின் மறுபக்கம் குனிந்து பார்த்தால், புல்லுக்குள்ளால் என்னுடைய உமி அவருடைய வயலில் ஒழுகிக்கொண்டிருந்தது. அன்று மட்டும் பதினொரு நண்டு வளை கண்டேன். அவர் எங்கள் மடையில் கை வைக்கவில்லை. அந்த வரம்பிலும் கை வைக்காமல் இருந்தது மட்டும்தான் அவர் செய்தது.

முதலில் எனக்கு வெட்கம் வரவில்லை, வெறிதான் வந்தது. பிழை வேறு ஒருவனுடையது என்று இரண்டு வருடம் மூக்கால் அழுதோம், எங்கள் வரம்போ எங்கள் கண்முன்னே சல்லடையாகக் கிடந்திருக்கிறது. என் கணவரும் நானும் ஐந்து நாள் முழங்காலளவு சேற்றில் நின்று, களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து அடைத்தோம். அடைக்க அடைக்க நண்டு புதிதாகத் தோண்டியது. நான் விடவில்லை. விடியக் கண் முழித்ததும் வயலுக்கு ஓடவேண்டும் போலிருந்தது, இன்றைக்கு எங்கே தோண்டியிருக்கிறது, எந்த மூலை வெளுத்திருக்கிறது என்று பார்க்க. றங்குப்பெட்டியில் இருந்த சேலையை எடுத்து உடுக்கத் தொடங்கியது எந்த நாள் என்றுகூட எனக்கு நினைவில்லை. ஆடியில் கந்தோர் ஐயா வந்தபோது பயிர் கதிர் விடும் பருவத்தில் குடலை தள்ளி நின்றது. அவர் வரம்பில் நின்று ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, கடதாசியில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். காணி எங்களுடையதாகவே இருந்தது.

அன்று பின்னேரம் கீழ்வயல்காரர் வரம்பில் வந்து நின்றார்.

"தண்ணி நிக்குது போலை."

"ஓம். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"எனக்கு ஆர் சொன்னது, பிள்ளை? கால் அழுகித்தான் படிச்சனான்."

"சத்தியம் பண்ணினீங்களே."

"பொய்யோ பண்ணினனான்?"

அதன்பிறகு அவர் சாகும்வரை ஆறு வருடம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. செத்த வீட்டுக்குப் போனேன், அழவில்லை.

இதை இத்தோடு நிறுத்தினால் எனக்கு நல்ல பெயர். ஆனால் எங்கள் வயலுக்கு மேலேயும் ஒரு துண்டு இருந்தது. நாங்கள் வந்த காலத்தில் வெறும் பற்றை. அவர் செத்த அடுத்த வருடம் அதைத் துப்புரவாக்கிக் குடாநாட்டிலிருந்து வந்த ஒரு இளம் சோடிக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெண் கஞ்சிச் சட்டியோடு வருவாள், தன் காலைப் பார்த்தபடி இருப்பாள், போய்விடுவாள். அந்த முதல் சிறுபோகத்தில் எங்கள் முறை வராத நாளிலும் என் மேல்மூலைப் பயிர் கரும்பச்சையாக நின்றது. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு உமி தேவைப்படவில்லை. கொக்குகள் எந்த வரம்பில் இருந்தன என்று பார்த்தாலே போதும்.

ஒருநாள் அவள் என்னிடம் வந்து, "அக்கா, எங்கடை வயலிலை ஏன் தண்ணி நிக்குதில்லை?" என்று கேட்டாள். சந்தேகத்தோடு கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். "புதுநிலம் தங்கச்சி, அப்பிடித்தான் இருக்கும். நாங்கள் பட்ட பாட்டுக்கு உங்களுக்கு இது ஒண்டுமில்லை. நாங்கள் வரேக்கை இஞ்சை என்ன இருந்தது?" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாய் என்று எனக்கு விளங்கியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு சிறுபோகம் அவர்களுக்குக் கருகியது. மூன்றாவதுக்கு விதைக்கவில்லை, ஒரு காலை வண்டியில் றங்குப்பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

இப்போது நான் நெளுக்குளத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். வயலில்லை. ஆனால் பழகிய கண் சும்மா இருப்பதில்லை. எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது, எந்த மரத்தில் எறும்பு போகிறது என்று பார்த்தபடி இருக்கிறது. மகள் சாமிக்குக் கற்பூரம் காட்டித் தட்டைக் கொண்டுவருவாள். தொட்டுக் கும்பிடும்போது என் உள்ளங்கையைப் பார்ப்பேன். அந்த மேல்வயல் பிள்ளை என்னைச் சத்தியம் பண்ணச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் தோய்ந்து, திருநீறு பூசிக்கொண்டு போய், உங்கள் மடையில் நான் கை வைக்கவில்லை என்று அதே பாலைமரத்தடியில் கொளுத்தியிருப்பேன். எரிந்து முடியும்வரை கை ஆடியிருக்காது.