வெல்லம் குறைந்த வெள்ளிக்கிழமைகள்

சிங்கப்பூர் அரசாங்கம் குளிர்பானப் பெட்டிகளில் சீனியின் அளவைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று எழுத்துப் போட ஆரம்பித்த சமயம். எங்கள் தெம்பனிஸ் வீட்டில், சீனி அதிகமென்று 'டி' வாங்கிய எதையும் நான் தங்கவிடவில்லை. அம்மாவுக்கு சுகர் இப்படியே போனால் சிறுநீரகம் தாங்காது, அப்புறம் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டியதுதான் என்று பாலிகிளினிக் டாக்டர் சொல்லியிருந்தார். தன் தங்கை அப்படிப் படுத்ததைப் பார்த்தவள் அம்மா. அந்த மெஷின் என்றாலே அவளுக்கு நடுக்கம். அதனால் கடையில் பாலும் சீனியும் போடாத 'தே ஓ கோசோங்' தேநீர் கேட்டு வாங்கினாள். சிவப்பரிசிச் சோற்றை முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டாள். ஏதோ நாட்டையே திருத்திவிட்ட மாதிரி நான் திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தால் எல்லாம் போச்சு. லிட்டில் இந்தியாவில் நாங்கள் போகும் அம்மன் கோயிலில் சாயங்காலப் பூஜைக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டுவது அப்பாதான். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு அதுதான் உத்தியோகம். அம்மா வரிசையில் நின்று ஒரு தொன்னை வாங்கி, தூணோரம் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவாள். நான் முறைத்தால், "அம்மன் குடுக்கிறத எப்படிடி வேணாம்னு சொல்றது?" என்பாள். அம்மன் கொடுப்பதற்கு எழுத்துப் போட எந்த அரசாங்கத்தால் முடியும்?

அந்த மண்டபத்தில் பரவும் நெய், ஏலக்காய் மணத்துக்கு இன்று மனம் ஏங்குகிறது. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, பூஜைக்கு முன்பு, சுகாதாரப் பிரச்சாரத்துக்காக ஒரு பெண் கோயிலுக்கு வந்தார். அம்மா இன்னும் வந்து சேரவில்லை. திரையில் படம் காட்டி, கோயில் சமையலிலும் உப்பையும் இனிப்பையும் கால்வாசி குறைக்கலாம், மெல்ல மெல்லக் குறைத்தால் நாக்குக்குத் தெரியாது என்று அழகாகப் பேசினார். நிர்வாகக் குழுவினர் தலையாட்டிவிட்டு அப்பாவைப் பார்த்தார்கள். அவர் சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றிருந்தார்.

"இதுக்கு மேல கொறைக்க முடியாது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. எழுந்து நின்று, அம்மாவை மெஷினில் படுக்க வைக்கப்போவது உங்கள் பொங்கல்தான் என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அப்பா கரண்டியோடு உள்ளே போய்விட்டார்.

அவரோடு சமைக்கும் அக்கா ஒருவர் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "அப்பாவப் போய் இப்படிப் பேசிட்டியே லா. ரெண்டு வருஷமா மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வெல்லத்தக் கொறச்சுக்கிட்டு வர்றாரு. இப்ப பாதிதான் போடுறாரு."

உள்ளே அப்பா கழுவிய அண்டாவையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அவ நாக்கு இனிப்பத் தேடும்மா" என்றார்.

படைப்பதற்கு முன்னால் சமைப்பவர் ருசி பார்க்கக் கூடாது. எவ்வளவு குறைத்தால் தெரியாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வாரமும் சமையற்கட்டு ஜன்னல் வழியாக அம்மா சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். அது மாறாவிட்டால் அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் குறைப்பார். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இத்தனை செய்தும் பாலிகிளினிக்கில் அம்மாவின் சுகர் இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு அப்பா வாடிப்போவார். எனக்கும் புரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தொன்னையைக் காலி செய்தாள்; ஜன்னலில் நின்ற அப்பா அண்டா கழுவப் போய்விட்டார். எழுந்து வரிசையின் கடைசியில் போய் நின்று இன்னொன்று வாங்கினாள். கையைப் பிடித்தேன்.

"இப்பல்லாம் முந்தி மாதிரி திகட்ட மாட்டேங்குதுடி. அதான் ரெண்டு" என்றாள், பச்சைக் குழந்தை மாதிரி.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. என் சத்தியம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா கையிலிருந்த தொன்னையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். அப்பா மறுபடி அங்கே வந்து எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சட்டென்று திரும்பி, பின்னால் நின்ற பெண்ணிடம் தொன்னையைக் கொடுத்துவிட்டாள்.

"ரெண்டு வாங்குனேன்னு அவருகிட்ட சொல்லிடாத. மனசு ஒடஞ்சிருவாரு."

அதன்பிறகு அவள் ஒன்றுக்கு மேல் வாங்கவே இல்லை. டாக்டர் சொல்லிக் கேட்காதவள், நான் கத்திக் கேட்காதவள். சில மாதங்களில் சுகர் இறங்கத் தொடங்கியது. அப்பா அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயில் முழுக்கக் காட்டினார். அம்மா ஒன்றும் தெரியாதவள் போல அவர் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தாள்.

போன வருடம் அம்மா மாரடைப்பில் போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒன்றையே சொன்னார்: "நான் வெல்லத்தக் கொறச்சேன். அதான் அவ கடைசி வரைக்கும் மெஷின்ல படுக்கல."

சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் சாட்சிக்கு என் பக்கம் திரும்புவார்.

"ஆமாப்பா" என்பேன்.