ரிசர்வும் தீர்ந்த பிறகு

என் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் அளவைக் காட்டும் முள் கிடையாது. கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் ரயில்வே வேலை கிடைத்து வந்த புதிதில் கீழ்வீட்டுக்காரரிடம் வாங்கிய பழைய வண்டி அது. தெருவே அவரைக் காக்கு, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. சாவியைக் கொடுக்கும்போது டேங்குக்கு அடியில் இடது பக்கம் இருந்த சின்னத் திருகைக் காட்டினார். கீழே பார்த்தால் ஓடும், படுக்கையாக இருந்தால் மூடும், மேலே பார்த்தால் ரிசர்வ் என்று வங்காளமும் இந்தியுமாகச் சொன்னார். எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. தலையை மட்டும் பலமாக ஆட்டினேன்.

ரிசர்வ் என்றால் உள்ளே எங்கேயோ தனியாக ஒரு குட்டி டேங்க் இருக்கும் என்றே நினைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் அந்தத் திருகு இருந்த பெட்ரோல் குழாய் கசிந்தது. மெக்கானிக்கிடம் போனால் பொம்பளைக்கு எதற்கு இந்த வண்டி என்று ஆரம்பிப்பான், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் வாஷர் மாற்ற நானே கழற்றினேன். குட்டி டேங்க் எதுவும் இல்லை. குழாயின் தலையில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குச்சி, அதன் காலடியில் ஒரு துளை, அவ்வளவுதான். வண்டி ஓடும்போது பெட்ரோல் குச்சியின் உச்சி வழியாக இறங்குகிறது. மட்டம் அதற்குக் கீழே போனால் வண்டி விக்கி நிற்கிறது. திருகை மேலே திருப்பினால் காலடித் துளை திறந்து, அடியில் கிடந்தது வருகிறது. ஒயர் இல்லை, பாட்டரி இல்லை. ஒரு குச்சியின் உயரத்தை வைத்தே எவனோ ஒருவன் எனக்கு எச்சரிக்கை கொடுக்க யோசித்திருக்கிறான். மாடிப்படியில் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது என்றால் ஆபீசில் சிரிப்பார்கள்.

போன வருஷம் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்தாள். வேவு பார்க்க வந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. எனக்கு மதுரைக்கு மாற்றல் வாங்க அப்பா ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். மதுரையில் இருந்த ஒருவருக்கு என் இடம் வேண்டியிருந்தது, நான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். கல்கத்தாவில் நான் தனியாகச் சமாளிக்கிறேனா என்று அம்மா பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும், அதன்மேல் அப்பா முடிவெடுப்பார். அப்பா முடிவெடுத்துவிட்டால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. எனக்கோ இந்த ஊரை விட மனசில்லை. என் சம்பளம், என் அறை, என் வண்டி என்று வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாம் என் கையில் இருந்தது. அம்மா சுவரின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள், என் சமையலைச் சாப்பிட்டாள், ஊருக்குக் கிளம்பும் நாள்வரை மாற்றலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ரயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனிலிருந்து. காலையில் கூப்பிட்ட டாக்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வர மறுத்தன. அம்மாவுக்கு ஹெல்மெட் மாட்டி, பையை மடியில் வைத்து, என் வண்டியிலேயே ஏற்றினேன். ஆற்றுப் பாலம் தாண்டி, இறங்கி, லாரிகள் உறுமும் பெரிய சாலைக்கு வந்ததும் வண்டி விக்கி நின்றது. கை தானாகத் திருகுக்குப் போனது. அது ஏற்கனவே மேலே பார்த்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் ஆபீஸ் போகும்போதே ரிசர்வுக்கு மாற்றியிருந்தேன். சாயங்காலம் பெட்ரோல் போட நினைத்து, அம்மாவுக்குச் சந்தேஷ் இனிப்பு வாங்கும் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

பெட்ரோல் பங்க் பாலத்துக்கு அந்தப் பக்கம். கைகாட்டிய எந்த வண்டியும் நிற்கவில்லை. அம்மா ஹெல்மெட்டைக் கழற்றாமல் பையைப் பிடித்தபடி நின்றாள். போச்சு, மதுரைதான் என்று நினைத்தபோது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த ஆத்திரத்தில்தான் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன்.

வலது பக்கம் பெட்ரோல் மினுங்கியது.

கண்ணை நம்ப முடியாமல் மறுபடி பார்த்தேன். வண்டியின் முதுகுக் கம்பிமேல் உட்காருவதற்காக டேங்கின் அடி நடுவில் மேடாக எழும்பியிருந்தது. குழாய் இடது பள்ளத்தில். வலது பள்ளத்தில் கிடந்த பெட்ரோலுக்கு மேடு தாண்டி வர வழியில்லை. இத்தனை நாள் ஓட்டியும், குழாயையே கழற்றிப் பார்த்தும், இது எனக்குத் தெரியாது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

“நடுவுல வரப்பு கட்டின மாதிரில்லா இருக்கு,” என்றாள்.

குழாயை மூடி, டேங்க் மூடியை இறுக்கி, வண்டியை இடது பக்கமாகச் சாய்க்கப் போகிறேன், பின்னாலிருந்து தாங்கிக்கொள் என்றேன். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு கேரியரைப் பிடித்தாள். கனம் இரண்டு பேரையும் இழுத்தது. கைப்பிடி தரையைத் தொடப் போகும் அளவுக்குச் சாய்த்தோம். டேங்குக்குள் களக் களக் என்று பெட்ரோல் வரப்பைத் தாண்டியது. லாரிச் சத்தத்துக்கு நடுவிலும் அது கேட்டது. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குட்டி ஆறு எங்கள் கைகளுக்கு நடுவில் இடம் மாறிக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். சின்னப் பிள்ளை மாதிரி அவள் வாய் திறந்திருந்தது.

நிமிர்த்தி, திருகை ரிசர்வில் வைத்து உதைத்தேன். நாலாவது உதைக்கோ ஐந்தாவது உதைக்கோ பிடித்துக்கொண்டது. ஸ்டேஷன் வரை எங்கேயும் நிறுத்தவில்லை.

பிளாட்பாரத்தில் ரயில் நின்றுகொண்டிருந்தது. பையை இருக்கைக்கு அடியில் தள்ளும்போது அப்பாவின் போன் வந்தது. அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தபடியே பேசினாள்.

“நடு ரோட்டுல வண்டி நின்னுபோச்சு. அவளே பாத்து எடுத்துட்டா. நீங்க இருந்திருந்தா என்னைய எறங்கித் தள்ளச் சொல்லிருப்பீய.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “வேண்டாம். அவ இங்கயே இருக்கட்டும். மதுரக்காரர்ட்ட வேற ஆளப் பாக்கச் சொல்லிருங்க.”

அப்பாவிடம் வேண்டாம் என்று அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. போனை வைத்துவிட்டு, பெட்ரோல் வாடை அடித்த உள்ளங்கையை ஒருதரம் மோந்து பார்த்தாள். பிறகு தண்ணீர் பாட்டில் வாங்கி வரச் சொன்னாள். நான் அழுதுகொண்டே போய் வாங்கி வந்தேன்.