பரோட்டாக் கல்லும் குதிரைவாலிச் சோறும்

பரோட்டா மாஸ்டர் வேலையில் மாவைவிட அதிகம் அடி வாங்குவது கால்தான். ராஜபாளையத்துக் கடையொன்றில் கல்லுக்கு முன்னால் நின்றே என் பாதி ஆயுள் போயிற்று. சர்க்கரை இருப்பது தெரிந்தும் வாயைக் கட்ட முடியாமல் தவிக்கும் என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான்.

ஆறாத புண்

பாதத்தில் வந்த புண் ஆறவே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்குப் பக்கத்து டாக்டரிடம் காட்டினேன். மாத்திரையைக் கூட்டினார். பரோட்டாவை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சோற்றுக்குப் பதில் குதிரைவாலி அளவாகச் சாப்பிடச் சொன்னார். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். இனிமேல் நிற்க முடியுமா என்று பயந்துகொண்டே கேட்டேன். காலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சர்க்கரை குறைஞ்சாத்தான் புண் ஆறும். புண் ஆறினாத்தான் நிக்கலாம்."

ஒளிந்து தின்றது

மனைவி மாரியம்மாள் குதிரைவாலிச் சோறு பொங்கித் தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டாள். ருசியில் குறை இல்லை. ஆனால் வாயில் போட்டதும் குருணை குருணையாகப் பிரிந்து ஓடியது, ஈறில் ஒன்று, நாக்கடியில் ஒன்று. மென்றால் தீரவில்லை, விழுங்கினால் தொண்டையை அறுத்தது. பரோட்டாவின் மெத்தென்ற அடுக்குக்குப் பழகிய வாய்க்கு இது தண்டனையாக இருந்தது.

கடைப் பேர் கெடும் என்று முதலாளி திட்டுவாரே எனப் பயந்து, கல்லுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தின்பதைத் தளவாய்புரத்து வாடிக்கையாளர் ஒருவர் பார்த்துவிட்டார். தன் இலையிலிருந்த பரோட்டாவை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். "மாஸ்டரே இதத் திங்கலைன்னா, நாங்க யார நம்பித் திங்க?"

கொத்திப் பார்த்தது

அந்தக் கேள்வி நெடுநாள் உறுத்தியது. ஆனாலும் சோற்றை எப்படியாவது உள்ளே இறக்கியாக வேண்டும். எங்கள் பரோட்டா மாஸ்டர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: விறைத்துப்போன எதையும் கொத்திவிட்டால் சரியாகிவிடும். முதலாளி இல்லாத நேரம் பார்த்துக் குதிரைவாலியையும் கல்லில் கொட்டி, வெங்காயம் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கொத்தித் தள்ளினேன். அது பசையாகிக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுக்கும்வரை வாடிக்கையாளர்கள் காத்துக்கிடந்தார்கள். சப்ளையர் கணேசன் விரலால் தொட்டுப் பார்த்தான். "அண்ணாச்சி, இத வச்சு கூமாப்பட்டி வரைக்கும் போஸ்டர் ஒட்டலாம்."

ஊறிய சோறு

இன்னொரு நாள் சோற்றைத் தட்டில் கொட்டி, எண்ணெயை ஒதுக்கிவிட்டு சால்னா ஊற்றினேன். கை வைப்பதற்குள் மில்லில் ஷிஃப்ட் விட்டுக் கூட்டம் வந்துவிட்டது. கூட்டம் வடிந்து திரும்பினால், சோறு சால்னாவைக் குடித்து உப்பிப்போய் இருந்தது. ஒரு வாய் வைத்தேன். குருணை ஓடவில்லை. பல்லுக்கு மட்டும் லேசாக ஒரு கடி கிடைத்தது, அதுவும் பிடித்துப்போனது. பரோட்டாவைப் பிய்த்து ஊறவைத்துத் தின்னுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வீட்டில் சொன்னேன். மாரியம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொழம்ப ஊத்தி செத்த நேரம் வைங்கன்னு மொத நாளே சொன்னேன். என் பேச்ச எங்க கேட்டிய?"

பாதித் தட்டு

மாத்திரையும் மருந்துக் கட்டும் இந்தச் சோறுமாகப் புண் ஒருவழியாக மூடியது. நான் தின்றுகொண்டிருக்கும்போது தளவாய்புரத்துக்காரர் மறுபடி வந்தார். காலைத் தூக்கிக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் சுகர்தான் மாஸ்டர், வீட்டுலகூடச் சொல்லல. அதுல கொஞ்சம் எனக்கும் வையுங்க."

கால் தப்பித்துவிட்டது, பரோட்டாக் கடையில் முதலாளிக்குத் தெரியாமல் குதிரைவாலி தின்பவர்கள்தான் இப்போது இரண்டு பேராகிவிட்டோம்.