ஆயி மேட்டில் எத்தனை பேர்

தொண்ணூறுகளில், ஆக்லாந்து நகரின் ரானுயி பகுதியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். வேதாகமத்தில் யோசுவா எரித்து மண்மேடாக்கிய ஆயி பட்டணம், எருசலேமுக்கு வடக்கே இன்றும் இருக்கும் ஒரு பழைய மேடுதானா என்று நான் பேசினேன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் அல்லவா, மேட்டின் பரப்பளவை வைத்து வீடுகளைக்கூடக் கணக்கிட்டிருந்தேன்.

"வேதத்தில பன்னீராயிரம் பேர் செத்ததெண்டு கிடக்கு. இந்தச் சின்ன மேட்டில அவ்வளவு சனம் எங்க? ஆள் இருந்தால்தானே சாகிறதுக்கு!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "மாஸ்டர், கணக்கை முடியுங்கோ, புட்டு ஆறுது" என்றார் வீட்டுக்காரர்.

போருக்குத் தப்பி மன்னாரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கட ஊர்ச் சாவுகளை விசாரிக்க வந்தவையும் இப்பிடித்தான் சொன்னவை, மாஸ்டர். சின்ன ஊர், இவ்வளவு பேர் செத்திருக்க ஏலாதாம். என்ர தம்பியை அவை கணக்கில சேர்க்கவேயில்லை."

"நான் அந்த மேட்டைப் பற்றித்தான் கதைச்சனான், பிள்ளை."

"ஓம். அதுவும் ஒரு ஊர்தானே."

தம்பியின் பெயரையாவது நான் கேட்டிருக்கலாம். கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டு காருக்குப் போய்விட்டேன். என் கணக்கு சரியாகவே இருக்கலாம். அதை நினைக்கும்போதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.